தவநாயகிக்குக் கொடுத்த பாத்திரங்கள்

தவநாயகியை அடுப்புக்குக் கிட்ட வரவேண்டாம் என்று சங்கத்தில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அதை எந்தக் கோவிலிலும் சத்தியம் பண்ணலாம். அவள் அகப்பையில் கை வைத்தால் யாராவது வந்து அதை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

"விடும் தவம். வெங்காயம் உரிச்சே களைச்சுப்போனீர்" என்பாள் கமலாம்பிகை. சமையலறை அவள் பொறுப்பு. சங்கம் அவள் கணவர் செல்வரத்தினத்தின் பொறுப்பு.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு. லண்டனில் முன்பு ஸ்னூக்கர் விளையாடிய மண்டபம் ஒன்றைத் தமிழ்ச் சங்கம் வாங்கி, பின்பக்கம் பெரிய சமையலறை கட்டியிருந்தது. தவநாயகி காலையிலேயே போய்விடுவாள். வெங்காயம் உரிப்பாள், கத்தரிக்காய் வெட்டுவாள், கீரை ஆய்வாள். எல்லோரும் சாப்பிட்டு எழும்பியபின் பாத்திரம் கழுவுவாள். காய்கறி பச்சையாக இருக்கும்வரை அவள் கை பட்டால் ஒன்றுமில்லை. எச்சில் பாத்திரத்தில் பட்டாலும் ஒன்றுமில்லை. இடையில் அது அடுப்பில் வேகும் நேரம்தான் அவளுக்கு ஓய்வு.

முதல்நாள் வந்தபோது செல்வரத்தினம் அன்பாகத்தான் விசாரித்தார். "ஊரிலை எவடம் தங்கச்சி?" அவள் ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள். ஊரில் எந்தத் தெரு என்று தெரிந்தால் எந்தச் சாதி என்றும் தெரிந்துவிடும். பொய் சொல்ல அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவர் தலையாட்டினார். அடுத்த வெள்ளிக்குள் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் கேட்டு அறிந்திருப்பார். யாருடைய முகமும் மாறவில்லை. அகப்பை மட்டும் கை மாறியது.

இது தெரிந்தும் அவள் போனாள். புருஷன் செத்தபிறகு வீட்டில் பகல் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம்தான். மகள் றொஷானி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறவள், இருட்டியபிறகு வருவாள். கிழமையில் ஒருநாள் தமிழ் கேட்க, நாலு பெண்களோடு இருந்து சிரிக்க, அந்த மண்டபத்தை விட்டால் தவநாயகிக்கு வேறு இடம் இல்லை.

றொஷானிக்கு அது புரியவில்லை. அவள் லண்டனில் பிறந்தவள்.

அந்தப் பகுதியின் நகரசபை, கவுன்சில், அடுத்த நாலு வருடத்துக்குச் சமத்துவத் திட்டங்களுக்குக் காசு கொடுக்கப் போகிறது. எதற்கு முதலிடம் என்று முடிவு செய்யக் குடியிருப்பாளர் குழு ஒன்றைக் கூட்டினார்கள். நூலகத்தில் அறிவித்தலைப் பார்த்து றொஷானி பெயர் கொடுத்தாள். தமிழர் சார்பில் செல்வரத்தினமும் அதில் இருந்தார். சுவரில் தலைப்புகளை ஒட்டி, வாக்குக்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் வட்டப் பொட்டுகளைக் கொடுத்து, பிடித்த தலைப்பில் ஒட்டச் சொன்னார்களாம். சாதி என்று ஒரு தலைப்பை எழுதி ஒட்டியது றொஷானி.

"எல்லாருக்கும் முன்னாலை எழும்பிச் சொன்னனான் அம்மா. ஒரு சமையலறையிலை இப்பிடி நடக்குது எண்டு. பேர் சொல்லேல்லை."

"அவர் இருந்தவரோ?"

"எனக்குப் பக்கத்துக் கதிரையிலை. சிரிச்சுக்கொண்டு, சாதியை நாங்கள் கட்டுநாயக்கா எயாப்போட்டிலையே விட்டிட்டு பிளேன் ஏறினனாங்கள் எண்டார். எல்லாரும் சிரிச்சவை. ஆனா பொட்டு விழுந்தது அம்மா. கடைசி நாலுக்குள்ளை வந்திட்டுது. மூண்டைத்தான் எடுப்பினம்."

தவநாயகி சோற்றை இறக்கிவைத்தாள். "உனக்கேன் பிள்ளை இந்த வேலை?"

"அந்த லிஸ்டிலை சாதி வந்தா, காசு வாங்கிற எல்லாச் சங்கமும் குசினிக்குள்ளை ஆரை விடினம், ஆரை விடேல்லை எண்டதுக்குப் பதில் சொல்லவேணும். பிறகு ஒருத்தரும் உங்கடை கையிலை இருந்து அகப்பையைப் பறிக்க ஏலாது. வாற வெள்ளி கிளேர் எண்டு கவுன்சில் ஆள் மண்டபத்துக்கு வாறா. உங்களைக் கேப்பா. நடக்கிறதைச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"சொல்லிப்போட்டு அடுத்த வெள்ளி நான் எங்கை போறது?"

றொஷானி சோற்றுக்கு மூடியைப் போட்டாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் செல்வரத்தினம் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, வாற வெள்ளி முழுச் சமையலும் உங்கடை கையாலை. வெள்ளைக்காரர் வருகினம். எங்கடை சாப்பாடு எண்டால் என்னெண்டு காட்டவேணும்."

"நானோ ஐயா?"

அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் சொல்வார்கள். அவள் மட்டும் ஐயா என்பாள். அவர் திருத்தியதில்லை.

"வேறை ஆர்? என்ன சாமான் வேணுமெண்டு கமலாம்பிகையிட்டைச் சொல்லுங்கோ."

"இது ட்ரிக் அம்மா" என்றாள் றொஷானி. "கிளேர் வாறா எண்டுதான் செய்யினம்."

"எனக்கு விளங்காதோ. ட்ரிக் எண்டா என்ன, அடுப்பு மெய்தானே."

கமலாம்பிகையிடம் சாமான் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு பஸ் மாறிச் சவுத்தால் கடைத்தெருவுக்குப் போய், முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து, பிஞ்சுக் கத்தரிக்காய் பொறுக்கி, பூசணிக்காயும் பயறும் வாங்கி, தோள் நோக நோகத் தூக்கிக்கொண்டு வந்தாள். மிளகாய்த்தூளைத் தானே வறுத்து அரைத்தாள். வீட்டின் புகை எச்சரிக்கை மணி கத்தியது. றொஷானி துவாயால் அதற்குக் காற்று வீசினாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து வீசிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை தவநாயகி அடுப்புக்கு முன் நின்றாள். அறுபது பேருக்குச் சோறு வேகும் கிடாரம். அதன் பக்கத்தில் பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய்க் கறி. கடைசியில் பாயாசம். பெண்கள் வாசலில் நின்று கதைத்தார்கள். அன்றைக்கு வெங்காயம் உரித்தது கமலாம்பிகை.

"அக்கா, உப்பு ஒருக்காப் பாருங்கோ" என்று கரண்டியை நீட்டினாள் தவநாயகி.

"உம்மடை கைக்கு உப்புப் பாக்கவேணுமோ?" என்றாள் கமலாம்பிகை. மற்றவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. தவநாயகியும் சிரித்தாள். கரண்டியில் இருந்ததைத் தானே உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புச் சரியாக இருந்தது.

கிளேர் மழைக்கோட்டோடு வந்தாள். இளம் பெண், மெலிந்த குரல். அரை நாள் லீவு போட்டு றொஷானியும் வந்திருந்தாள். செல்வரத்தினம் இருவரையும் நேரே சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஆங்கிலத்தில் தவநாயகியைத் தலைமைச் சமையல்காரி என்று அறிமுகம் செய்தார். கிளேர் ஏதோ கேட்டாள்.

"இஞ்சை சமைக்கிறது உங்களுக்குச் சந்தோசமோ எண்டு கேக்கிறா" என்றார் அவர்.

"சரியான சந்தோசம்."

"அவ கேட்டது அதில்லை அம்மா" என்றாள் றொஷானி. "இஞ்சை உங்களை ஆரும் ஒதுக்கி வைக்கினமோ எண்டுதான் கேட்டவ."

வாசலுக்கு அப்பால், மண்டபத்தில், கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தவநாயகியின் கையில் அகப்பை இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. கிடாரத்தில் சோறு பூப்பூவாக மலர்ந்து கிடந்தது. இந்த ஒரு நாளுக்குத்தானே இத்தனை காலம் காத்திருந்தது, இதில் நின்றுகொண்டு வேறு எதைச் சொல்வது என்று இருந்தது அவளுக்கு.

"இல்லை" என்றாள். ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னாள்.

கிளேர் அதைக் குறித்துக்கொண்டாள். றொஷானி தரையைப் பார்த்தாள்.

விருந்தாளிகள் முதலில் என்று செல்வரத்தினம் கிளேரையும் றொஷானியையும் இருத்தினார். கிளேர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முருங்கைக்காயை எப்படிச் சப்புவது என்று றொஷானி காட்டிக்கொடுத்தாள். மற்றவர்கள் அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இருவரும் பாயாசம் குடித்து முடித்ததும் செல்வரத்தினம் எழுந்து தொண்டையைச் செருமினார். பொன்னாடை வந்தது. கமலாம்பிகை அதைத் தவநாயகியின் தோளில் போட்டாள். போடும்போது அவள் விரல்கள் துணியை மட்டும் பிடித்திருந்தன.

"தங்கச்சியின்ரை சேவைக்கு நாங்கள் என்ன குடுத்தாலும் காணாது. ஆனபடியால் சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்கு. இண்டைக்கு அவ சமைச்ச இந்தப் பாத்திரம் முழுவதும், கிடாரம், சட்டி, அகப்பை எல்லாம், அவவுக்கே அன்பளிப்பு. இனி அது எங்களுக்கு வேண்டாம், அவவுக்குத்தான் சேரவேணும்."

பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார். கிளேர் கைதட்டினாள். எழுந்து நின்று தட்டினாள். றொஷானியும் தட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தவநாயகி பாத்திரங்களைப் பார்த்தாள். பிறகு கைதட்டுகிறவர்களைப் பார்த்தாள். மண்டபத்தில் இந்த இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் விளங்கியிருந்தது. அவளுக்கும் விளங்கியது. ஊரில் என்றால் அவள் கை பட்ட பானையை உடைத்து வேலிக்கு வெளியே எறிவார்கள். இங்கே பொன்னாடை போட்டுக் கொடுக்கிறார்கள்.

கிளேர் இன்னும் அங்கேதான் நின்றாள். குறிப்புப் புத்தகம் கையில் இருந்தது. தவநாயகி வாயைத் திறந்தாள். செல்வரத்தினம் தலையைச் சரித்து, சொல்லுங்கோ தங்கச்சி என்பது போல அவளைப் பார்த்தார். அவசரமே இல்லாத பார்வை.

"நன்றி ஐயா" என்றாள்.

படம் எடுத்தார்கள். கிளேர் றொஷானியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் கூட்டிக்கொண்டு போனாள்.

கார் திரும்பியதும் தவநாயகி அகப்பையை எடுத்தாள். "வாங்கோ, ஆறப்போகுது" என்றாள். தன் குரல் கொஞ்சம் உரத்துவிட்டது போல இருந்தது.

வரிசை வரவில்லை.

"நான் இண்டைக்கு விரதம் தவம்" என்றாள் கமலாம்பிகை.

இத்தனை வெள்ளிக்கிழமையும் வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு விரதம் வந்திருந்தது. விரதம் இல்லாதவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்திக்குப் பல்லுக் கொதி, மெல்ல முடியாது. எல்லோரும் நயமாகத்தான் சொன்னார்கள். மணம் ஊரைத் தூக்குது என்றார்கள். யாரோ தேத்தண்ணீர் போட்டார்கள், பிஸ்கட் பெட்டி சுற்றி வந்தது.

பொன்னுத்துரைக் கிழவருக்குச் சலரோகம், சர்க்கரை வருத்தம். பசி தாங்கமாட்டார். சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்து நாலு எட்டு வந்துவிட்டார். அவர் மனைவி பின்னால் வந்து கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து அவர் வாயில் போட்டாள்.

"மறந்துபோனார்" என்றாள் தவநாயகியைப் பார்த்து. "வயசு."

தவநாயகி மூடிகளை எடுத்து ஒவ்வொன்றாக மூடினாள்.

"சோத்தை என்ன செய்யிறது, ஐயா?"

"பாத்திரத்தோடை உங்களுக்குத்தான் தங்கச்சி" என்றார் செல்வரத்தினம். "ஏத்த வான் ஒண்டு ஒழுங்கு பண்ணியிருக்கிறன். தூக்கிறவையைக் கையுறை போடச் சொல்லியிருக்கு. சுகாதார விதி இப்ப கடுமை."

வான்காரர் எல்லாவற்றையும் அவளுடைய வீட்டு நடையில் இறக்கிவிட்டுப் போனார். சோறு இன்னும் சூடாக இருந்தது. நிற்க இடமில்லை. பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தாள். கொடுத்தால், இவ்வளவு ஏன் மிஞ்சியது என்று யாராவது ஒருநாள் றொஷானியிடம் கேட்பார்கள். கதவைச் சாத்தினாள். சோற்றையும் கறியையும் பைகளில் அள்ளி, லிப்டில் ஏறி இறங்கி, கீழே உணவுக் கழிவுத் தொட்டியில் கொட்டினாள். திரும்பவும் ஏறினாள், இறங்கினாள். லிப்ட் முழுக்க முருங்கைக்காய் மணந்தது. தொட்டி நிரம்பியபோது அடுத்த கட்டடத்துத் தொட்டிக்குப் போனாள். பிறகு குளியலறைத் தொட்டியில் வைத்துக் கிடாரத்தைக் கழுவினாள். பாத்திரம் கழுவுவது அவளுக்குப் பழகிய வேலை.

றொஷானி வந்தபோது பாத்திரங்கள் துடைத்துக் கவிழ்த்திருந்தன.

"எல்லாரும் சாப்பிட்டவையோ அம்மா?"

"சட்டி வழிச்சுப்போச்சு."

றொஷானி சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். "நான் அந்த ஆளைப் பிழையா நினைச்சிட்டன். ட்ரிக் எண்டுதான் வந்தனான். உங்கடை முகத்தைப் பாத்தன். நான் உங்களை இவ்வளவு சந்தோசமாக் கண்டதில்லை. நீங்களே இல்லை எண்டு சொன்னாப்பிறகு, நான் உங்கடை பேரிலை என்னத்தைக் கதைக்கிறது? திங்கள் கூட்டத்துக்கு முதல் சாதியை நானே லிஸ்டிலை இருந்து எடுக்கிறன். கிளேரும் அதுதான் நல்லம் எண்டா."

"வேறை என்ன வருமாம் அந்த இடத்துக்கு?"

"பொதுச் சமையலறை. ஒண்டாச் சமைச்சுச் சாப்பிடுற திட்டங்கள். எங்கடை சங்கத்துக்குத்தான் முதல் காசு வரும் போலை. உங்கடை படத்தையும் போடுவினம்."

சொல்லிவிடலாம். ஒரு வசனம் போதும். சொன்னால் றொஷானி சும்மா இருக்கமாட்டாள், திங்கட்கிழமை எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டுவாள். வெள்ளிக்கிழமை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. கைதட்டிய பிள்ளை. எதற்குத் தட்டினோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு தாயை எந்தக் கண்ணால் பார்ப்பாள்?

"எடு பிள்ளை" என்றாள் தவநாயகி. "அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே."

றொஷானி கைத்தொலைபேசியில் எழுதினாள். எழுதிக்கொண்டே நடையில் கிடந்தவற்றைக் காலால் தொட்டாள். "இவ்வளவு பெரிய சாமானை எங்கை வைக்கிறது? அடுத்த கிழமை மண்டபத்துக்கே குடுத்துவிடுவம். அவையும் பாவிப்பினம்தானே."

"பரிசைத் திருப்பிக் குடுக்கக் கூடாது."

"சரி. கட்டிலுக்குக் கீழை தள்ளுவம்." அனுப்பிவிட்டுக் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "பசிக்குது அம்மா. அந்தக் கத்தரிக்காய் கொஞ்சமும் இல்லையோ?"

"ஒரு துண்டும் மிஞ்சேல்லை" என்றாள் தவநாயகி. பாணை எடுத்து, ரொட்டித் துண்டுகளாக வெட்டி வாட்டத் தொடங்கினாள்.