பதினெட்டடி அசதி

காலர்க்காரிக்கு அசதி வந்தால் அவளைச் சுற்றி எட்டடிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் தூங்கிப்போனார்கள். அவள் காலர் தைக்கும் சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாவது வரிசையில் இது முதலில் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீருக்கு இருபது நிமிடம் முன்பு. இடப்பக்கம் கை வைத்துத் தைப்பவளும் வலப்பக்கம் பொத்தான் துளை போடுபவளும் தையலைப் பாதியில் விட்டு மிஷின் மேல் தலை சாய்த்துக் குறட்டை விட்டார்கள். எழுப்ப வந்த சூப்பர்வைசர், திட்டத் திறந்த வாயோடு துணிக்கட்டின் மேல் சரிந்தார். காலர்க்காரி மட்டும் விழித்திருந்தாள். அவளுக்கு வந்தது தூக்கமில்லை, அசதி. இரண்டும் வேறு என்பது அவளுக்கு ஏழு வருடமாகத் தெரியும். அன்று அவள் தைத்த காலர்களை வாங்க அடுத்த கை இல்லாததால் அவை அவள் மடியிலேயே குவிந்தன. நிர்வாகம் விசாரித்தது. குடிதண்ணீரைச் சோதித்தார்கள், ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். கடைசியில் துணி வெட்டுபவர் அளவு நாடாவோடு வந்து, ஆட்களை ஒவ்வொருவராக அவளை நோக்கி நடக்கவிட்டு, எட்டடி என்று கண்டுபிடித்துத் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டார். மறுமாதம் அது பதினொன்றாகியிருந்தது. அவளுடைய மிஷினைக் கோடிச் சுவரோரம் தள்ளினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் அறை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மேனேஜர் இரண்டு வாரம் மிக நன்றாகத் தூங்கினார்.

அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. மாதத்தில் ஐந்து நாள் வர வேண்டியது பன்னிரண்டாகி, பிறகு பதினெட்டாகி, மீதி நாட்கள் அடுத்ததற்குப் பயந்தே கழிந்தன. கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்துவதை விட்டிருந்தாள். எங்கே போனாலும் உட்காரும் முன் நாற்காலியைப் பார்த்தாள், எழுந்த பின்னும் பார்த்தாள். மாத்திரை தின்றாள், ஊசி போட்டாள், இரண்டு முறை உள்ளே சுத்தம் செய்துகொண்டாள். கரு இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் போனது. இரண்டாவது நான்கு மாதம் இருந்தது. அதற்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ரத்தத்தின் அளவு பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. ஸ்கேன் எடுத்தவர் கர்ப்பப்பைச் சுவர் முழுக்கக் கட்டிகள் என்று எழுதி முடித்து, கையெழுத்துப் போடாமல் மேஜையிலேயே தூங்கினார். மூன்று மருத்துவர்கள் அவள் வயதைப் பார்த்துவிட்டு இன்னும் காலம் இருக்கிறதே என்றார்கள், கொட்டாவிக்கு நடுவில். நான்காவதாகப் பார்த்தவர் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா. வெளி நோயாளிகள் நூற்று நாற்பது பேரைப் பார்த்து முடித்த பிறகு இவளைப் பார்த்தார். கட்டிகளை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் என்றும், சினைப்பைகளை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றும் சொல்லி, வீட்டில் பேசிவிட்டு வர அனுப்பினார். அவர் தூங்கவில்லை என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

வீடு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. கணவன் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கினான். ஒரு நாளைக்கு நூறு முறை மேலே போய்வந்தாலும் அவன் நடந்தது நாலடிதான் என்று அவன் அம்மா சொல்வதுண்டு. அந்த அம்மா, அதாவது காலர்க்காரியின் மாமியார், ஹோட்டல் சலவைக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் ஈர விரிப்புகளைப் பிழிந்து உதறியவர். ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கணவன், "டாக்டர் என்ன சொன்னாங்கன்னா..." என்று ஆரம்பித்துக் கன்னத்தை மேஜையில் வைத்துத் தூங்கிவிட்டான். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே இருந்தார்கள்.

"இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பார்க்கலாமே," என்றார் மாமியார். "எடுத்துட்டா எடுத்ததுதான். அப்புறம் வேணும்னு அழுதாலும் வராது."

"நான் அழமாட்டேன்னு யார் சொன்னா, அத்தை? அழத்தான் போறேன்."

"அப்புறம் எதுக்கு?"

"காலையில பல்லு விளக்கிட்டு உக்கார்றேன். பல்லு விளக்கினதுக்கே. படி ஏறும்போது ஒவ்வொரு படியிலயும் இங்கயே இருந்துடலாமான்னு தோணுது. குழந்தை வேணும்னு ஆசைப்படக்கூடத் தெம்பு இல்ல. ஆசைப்படவும் தெம்பு வேணும்ல?"

மாமியார் எழுந்தார். மகனுடைய கன்னத்துக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தார். "நாளைக்கே போய்ப் பதிஞ்சுட்டு வந்துடுவோம்," என்றார். அப்போதுதான் காலர்க்காரிக்கு உறைத்தது. "அத்தை, உங்களுக்குத் தூக்கம் வரலையா?"

"எனக்கா? எனக்கு என்ன, எப்பவும் போலத்தான் இருக்கு."

இதைக் கேட்ட டாக்டரம்மா மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை செய்தார். விடுப்பு முடிந்து திரும்பிய நர்ஸ் வாசலிலேயே விழுந்தாள். இரட்டை ஷிஃப்ட் முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் பக்கத்தில் நின்று ரத்த அழுத்தம் பார்த்து, குறித்து, போய்விட்டாள். ஏற்கனவே அசந்துபோனவர்களை அது ஒன்றும் செய்வதில்லை என்று முடிவானது. ஆகவே மூன்று வாரம் இரும்பு ஊசியும் நான்கு பாட்டில் ரத்தமும் ஏற்றியபின், அறுவைக்குக் குறித்த வியாழக்கிழமை, நன்றாக ஓய்வெடுத்தவர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று அறைக் கதவில் எழுதி ஒட்டினார்கள். மயக்க மருந்து கொடுக்கக் கைக்குழந்தை உள்ள ஒருத்தி கிடைத்தாள். கருவிகளை எடுத்துக் கொடுக்க, அம்மாவுக்கும் மாமனாருக்கும் சேர்த்துப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஒருவர். டாக்டரம்மாவைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. கணவன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வட்டம் அதற்குள் பதினெட்டடியாகியிருந்ததால் அவ்வளவு தள்ளி வராந்தா முனையில் நின்று, ஸ்ட்ரெச்சர் போகும்போது ஏதோ கத்தினான். காதில் விழவில்லை. அவள் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். ஒன்பதில் அவளே தூங்கிப்போனாள். ஏழு வருடத்தில் அவள் தூங்கிய முதல் முழுத் தூக்கம் அது என்று பிறகு சொன்னாள்.

விழித்தபோது வயிறு ஒன்றும் சொல்லவில்லை, வலது தோள் வலித்தது. அது அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயு, ஏறி இறங்கும் என்றார்கள். மறுநாள் எழுப்பி நடக்கவைத்தார்கள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பன்னிரண்டு காலடி, திரும்பப் பன்னிரண்டு. இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்ள வேண்டும், சிரிப்பு வந்தாலும் அப்படியே. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்ச் செம்பைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. அசதி உடனே போகும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது முதல் வாரம் இருபத்து மூன்று அடிக்கு ஏறியது. கீழ் வீட்டுக்காரர்கள் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் தூங்கி இரண்டு பாத்திரங்களைக் கருக்கினார்கள். கணவன் எதிர்ச் சாரியில் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மாடியறையில் தங்கிக்கொண்டான். மாலை வேலை முடிந்ததும் நடைபாதையில் நின்று ஜன்னலைப் பார்த்துப் பேசினான். தெருவுக்கே கேட்கும் என்பதால் முதலில் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு நிறுத்திக்கொண்டான். இரண்டாம் வாரம் லிஃப்டில் வந்து போகிறவர்களைப் பற்றிச் சொன்னான். மூன்றாம் வாரம், "எனக்கும்தான் அந்த நாலு மாசக் குழந்தை அப்பப்போ கனவுல வருது, உங்கிட்ட சொன்னா அழுவியோன்னு சொல்லல," என்று சத்தமாகச் சொன்னான். பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தலையணையை வயிற்றில் அழுத்தியபடி அழுதாள். பிறகு அந்தப் பெயரை ஜன்னலிலிருந்து சொன்னாள். அவன் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தான்.

அந்த ஆறு வாரமும் அவளுக்குப் பக்கத்தில் இருக்க முடிந்தது மாமியார் ஒருவரால்தான். குளிக்க உதவினார், தையலைத் துடைத்தார், மலச்சிக்கலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார், கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று, "முக்காதே, தானா வரும்," என்றார். பார்க்க வந்த உறவுக்காரிகள், இந்த வயதிலேயே காலியாகிவிட்டதே என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லி முடிக்குமுன் நாற்காலியில் தூங்கிப்போனார்கள். மாமியார் அவர்களை எழுப்பவில்லை. ஏழாவது வாரம் அளந்தபோது அடி பத்தாகியிருந்தது, ஒன்பதாவது வாரம் மூன்று. ஒரு வியாழக்கிழமை கணவன் தலையணையும் சட்டைகளுமாகத் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்து, அவள் பக்கத்தில் கட்டிலில் படுத்து, ஒரு மணி நேரம் விழித்தே கிடந்தான். பத்தாம் வாரம் தொழிற்சாலைக்குப் போனாள். சாக்கட்டி வட்டம் அழிந்திருந்தது. பச்சைப் பாவாடை உடுத்தியிருந்தாள். பொத்தான் துளைக்காரி அதைத் தொட்டுப் பார்த்து, "புதுசா?" என்றாள். பழசுதான், உடுத்தாமல் இருந்தது என்றாள் இவள்.

அதற்குப் பிந்தைய மாதம் தொழிற்சாலைக்கு விடுமுறையான ஒரு நாள் நண்பகல், மாமியார் தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். உதவலாம் என்று காலர்க்காரி எதிரே உட்கார்ந்தாள். ஒரு துண்டின் முனையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது துணிகள் எல்லாம் மடித்து அடுக்கியாகிவிட்டிருந்தன. கணவன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசற்படியில் குறட்டை விட்டான். தபால்காரர் மாடிப்படியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் எல்லாரையும் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். அவர் தப்புச் செய்து பிடிபட்டவர் போல மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது எப்பலேர்ந்து?"

"எது? நான் ஒண்ணும் பண்ணலையே."

"அசதி."

மாமியார் யோசித்தார். "இவன் வயித்துல இருக்கும்போது வந்தது. அப்புறம் போன மாதிரி தெரியல." குரலைத் தாழ்த்தி, "இத்தனை நாள் சிந்தாமத்தான் வச்சிருந்தேன்," என்றார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, நாற்பது வருடத்து அசதி, மருமகளைப் பார்த்துக்கொண்டதில் நிரம்பி வழிகிறது, ஓய்வெடுக்கட்டும் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, எவ்வளவு நாள் சேர்ந்ததோ அதில் பாதியாவது என்றார். அதைச் சொல்லும்போது அவரும் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். காலர்க்காரி ஜன்னலோரக் கட்டிலை மாமியாருக்கு ஒதுக்கினாள். தண்ணீர்ச் செம்பைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள். மாமியார் முதல் ஒரு மாதம் படுக்கக் கூச்சப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார். அசந்துபோகும் வரை வேலை பார்த்துவிட்டு வந்து, தூங்கிவிடாமல் சமையலைக் கணவன் செய்தான். சுமாராகத்தான் இருந்தது. மேல்மாடிக்குப் போகிற வழியில் கவனமில்லாதவர்கள் இரண்டாம் மாடியருகே உட்கார்ந்துவிடுவதுண்டு. சிலர் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்கள் என்றும் பேச்சு. படியில் யாராவது படுத்திருந்தால் அந்தக் கட்டடத்துக்காரர்கள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, மிதித்துவிடாமல் தாண்டிப் போனார்கள்.