ஒற்றைக் கை ஜிப்பா

அத்தாவின் கத்தரிக்கோலாலேயே கஃபன் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள் மகள். தெருவுக்கே தைத்துக் கொடுத்த மனுஷருக்குத் தையலே இல்லாத கடைசி உடுப்பு. துணியில் கண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பித் திருப்பி வெட்டினாள்.

தம்பி இன்னும் வரவில்லை. தம்பி என்றால் சும்மாவா? மார்க்கத்தைச் சுத்தப்படுத்தக் கிளம்பிய இயக்கத்துக்கே பெரிய பேச்சாளன். "நாம ஏன் வீழ்ந்தோம்? தோளோட தோள் நின்ன வரிசை கலைஞ்சது, வீழ்ந்தோம்!" என்று அவன் முழங்குவதைச் செல்போனில் போட்டுக்கொண்டுதான் அத்தா மெஷினை மிதிப்பார். இயக்கத்தின் கொடி, மேடைத் துணி எல்லாம் அவர் கைவேலை. போன வாரம் படுக்கையில் விழுந்தவரின் கையைப் பிடித்து, "உங்க ஜனாஸாவ நான்தான் தொழ வைப்பேன் அத்தா" என்று அவன் சொன்ன பிறகுதான், கடைசித் தொழுகைக்கு மகனே முன்னால் நிற்பான் என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வந்தான். அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டான்.

"இந்த இமாம் பின்னாடி என்னால தொழ முடியாதுக்கா. இயக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க."

அது இமாம் காதிலேயே விழுந்தது. பெரிய மனசுக்காரர். "அப்ப நீங்களே முன்னாடி நில்லுங்க. நாங்க உங்க பின்னாடி நின்னுக்கிறோம். மகன் தொழ வைக்கிறதவிட வேற என்ன வேணும்?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி தரையைப் பார்த்தான்.

"அதில்ல... அத்தா வருஷா வருஷம் தர்காவுக்குப் போயி சமாதிகிட்ட வேண்டுனவரு. இந்த மாதிரி ஆளுங்களாலதான் சமுதாயமே இப்படிக் கெடக்கு. கடைசிவரைக்கும் அதை விடாமலே மௌத்தாயிட்டாரு. அவருக்கு நான் தொழக் கூடாதுக்கா."

"யாருக்காகடா போனாரு? சின்னப் புள்ளையில காய்ச்சல்ல கண்ணு சொருகிக் கெடந்தே. டாக்டரே கைய விரிச்சிட்டாரு. உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு தர்காவுக்கு ஓடுனாரு. நீ பொழைச்சதுக்குத்தான் வருஷா வருஷம் போனாரு."

"தெரியும்க்கா."

அந்தத் 'தெரியும்'தான் அவளைக் குத்திப்போட்டது. தெரியாமல் பேசியிருந்தால் மன்னித்திருப்பாள். போன வாரம் கையைப் பிடித்தபோதும் தெரிந்துதானே இருந்தது? பாவி, வாய் கூசாமல் சொன்னானே.

எதிரே பள்ளிவாசல் முற்றத்தில் வரிசை கட்டினார்கள். இமாம்தான் முன்னால் நின்றார். கறிக்கடைக்காரர், லாரி டிரைவர், சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று அத்தாவிடம் ஓயாமல் சண்டை போடும் வாத்தியார்கூட வந்திருந்தார். எல்லோரும் தோளோடு தோள் நின்றதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தம்பி மட்டும் கேட்டுக்கு வெளியே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவன் வாசலில் வந்து தயங்கினான். கண் சிவந்திருந்தது. அழட்டும் என்று இருந்தது அவளுக்கு.

மெஷினில் அவனுடைய புது ஜிப்பா கிடந்தது. அடுத்த கூட்டத்துக்கு என்று அத்தா ஆசையாக எடுத்த துணி. ஒரு கை வைத்துத் தைத்திருந்தார். மற்ற கையில் பாதித் தையலோடு ஊசி குத்தி நின்றது. அவள் ஊசியை மேலே ஏற்றி, நூலை வெட்டி, ஜிப்பாவை நான்காக மடித்து அவனிடம் நீட்டினாள்.

"ஒரு கை பாக்கி இருக்கு. வேற யாருகிட்டயாவது குடுத்துத் தைச்சுக்க."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள்.