நாடா வெட்டும் வரை

கண்காட்சி ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழில் இருந்தது. பத்தரை ஆகியும் மண்டபக் கதவு பூட்டியே கிடந்தது. கதவின் குறுக்கே சிவப்பு நாடா கட்டி, நடுவில் பூப்போல முடிச்சுப் போட்டிருந்தார்கள். முற்றத்துத் தகரப் பந்தலின் கீழ், மாவட்டத்தின் ஓவியர்களும் அவர்களுடைய வீட்டாரும் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். உப்புக்குளத்துக் கலைக்கூடத்தில் எந்த நிகழ்வும் இப்படித்தான். பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்டி விளக்கேற்றும் வரை, படம் வரைந்தவர்கூட உள்ளே போகமுடியாது.

செலீனா மறுபடியும் எழும்பி இணைப்பாளர் றெனால்டிடம் போனாள்.

“ஐஞ்சு நிமிஷம் தாங்கோ. பின்கதவாலை அன்னப்பிள்ளை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தைக் காட்டிப்போட்டு வாறன்.”

“ரீச்சர், போன வருஷமும் ஒருத்தர் ஐஞ்சு நிமிஷம் எண்டுதான் உள்ளை போனவர். விருந்தினர் வந்து பாத்தால், உள்ளை ஆள் நிண்டு செல்ஃபி எடுக்குது. மனிசன் விளக்கும் கொளுத்தாமல் திரும்பிப் போட்டார். பேச்சு வாங்கினது நான்.”

“எப்ப வருவார்?”

“முருங்கனிலை இன்னொரு திறப்பு விழா. முடிஞ்சுதாம். இந்தா வந்துகொண்டிருக்கிறார்.”

“ஒன்பதரைக்கும் அதைத்தானே சொன்னனீங்கள்.”

“அப்பவும் வந்துகொண்டுதான் இருந்தவர்.”

றெனால்ட் சிரிக்கவில்லை. விடியற்காலையிலிருந்து நிற்கிறவன். சேட்டு முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

பந்தலின் ஓரக் கதிரையில் அன்னப்பிள்ளை இருந்தாள். கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்து, வங்காலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் றோய் நான்கு வருடங்களுக்கு முன் கடலில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சித்திரம் படிப்பித்தவள் செலீனா. செலீனா வீட்டு வேலியால் பார்த்தால் அன்னப்பிள்ளையின் குசினி வாசல் தெரியும். கடலுக்குப் போகும் நாட்களில் றோய் அந்த வாசலில், சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றுதான் சாப்பிடுவான். இருந்து சாப்பிட அவனுக்குப் பொறுமை இல்லை. செலீனா வரைந்தது அதைத்தான்.

வரைய இரண்டு வருடம் எடுத்தது. இதைவிட நல்ல படம் ஒன்றை இனி வரைவேன் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. நாளைக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பெரிய கண்காட்சிக்குப் படங்களைத் தெரிவு செய்யப் போகிறார்கள். ஆனால் றோயின் தாயிடம் சொல்லும் துணிவு மட்டும் நேற்று வரைக்கும் வரவில்லை. அதற்குள் கலைக்கூட வாகனம் வந்து, அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் படத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

“பாத்துத்தான் சொல்லலாம் ரீச்சர்,” என்று அன்னப்பிள்ளை நேற்றுச் சொன்னாள்.

“நீங்கள் வேண்டாம் எண்டால், ஆரும் பாக்கிறதுக்கு முந்திக் கழட்டிப்போடுவன்,” என்று செலீனா சொல்லியிருந்தாள்.

சிலாவத்துறையிலிருந்து நீர்வண்ணப் படங்கள் கொண்டுவந்திருந்த உம்மு ஸல்மா, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி அன்னப்பிள்ளையிடம் நீட்டினாள்.

“குடியுங்கோ அம்மா. எனக்கு இது நாலாவது கண்காட்சி. நான் இதுவரைக்கும் வடிவாப் பாத்தது நாடாவைத்தான்.”

அன்னப்பிள்ளை கொஞ்சம் சிரித்தாள். பிறகு செலீனாவைப் பார்த்து, “பெரிய படமே?” என்று கேட்டாள்.

“ஓம் அக்கா. கொஞ்சம் பெரிசுதான்.”

விருந்தினரின் வாகனம் பன்னிரண்டு மணிக்குக் கிட்ட வந்தது. மாலை, கைதட்டல், கத்தரிக்கோல், விளக்கு எல்லாம் விரைவாக நடந்தன. அவருக்கு அடுத்த நிகழ்வு ஒன்று இருந்தது. கதவு திறந்ததும் கூட்டம் அவருக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு உள்ளே போனது. செலீனா அன்னப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். ஆனால் வாசலிலேயே இரண்டு கமராக்காரர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள்.

விருந்தினர் நேரே செலீனாவின் படத்தின் முன்னால்தான் போய் நின்றார்.

“பொடியன் சோத்தை நல்லா வெட்டுறான். பாக்க எனக்கும் பசிக்குது,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கைபேசிகள் உயர்ந்தன.

றெனால்ட் அவருடைய காதில் ஏதோ சொன்னான். அவர் முகத்தை மாற்றிக்கொண்டு திரும்பினார். “தாயார் வந்திருக்கிறாவோ? கூப்பிடுங்கோ.”

கூட்டம் விலகி வழி விட்டது. யாரோ அன்னப்பிள்ளையின் தோளைப் பிடித்துப் படத்தின் அருகில் நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் பாருங்கோ அம்மா என்றார்கள், அவள் பார்த்தாள். படம் அவளுக்குப் பின்னால் இருந்தது.

விருந்தினர் போனபின் எல்லோரும் பந்தலுக்கு றோல்ஸ் சாப்பிடப் போனார்கள். மண்டபத்தில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது. அன்னப்பிள்ளை அப்போதுதான் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

“அவன்தான்,” என்றாள். “ஒரு காலைத் தூக்கி மற்றக் காலிலை உரஞ்சிக்கொண்டு நிக்கிறது. அவனேதான்.”

செலீனா அவளுக்குக் கிட்டப் போனாள்.

“ஆனா வேண்டாம் ரீச்சர்.”

“ஏனக்கா?”

“சாப்பிடுறான். சாப்பிடேக்கை ஆரும் பாக்கக்கூடாது. கண்ணூறு படும். சின்னனிலை கதவைச் சாத்திப்போட்டுத்தான் அவனுக்குச் சோறு தீத்துவன். வளந்தாப் பிறகு எங்கை கேக்கிறான், வாசலிலை வந்து நிப்பான். நான்தான் முன்னாலை வந்து நிண்டு மறைப்பன்.”

செலீனா அறியாத சங்கதி அல்ல. அவளுக்கும் தாய் கதவைச் சாத்திவிட்டுத்தான் சோறு தீத்தியவள். வரைந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அது நினைவுக்கு வரவில்லை. வெளிச்சத்தையும் கோப்பையின் விளிம்பையும் மட்டும் யோசித்திருந்தாள்.

“செத்தவனுக்கு இனி என்ன கண்ணூறு எண்டு நினைப்பீங்கள்,” என்றாள் அன்னப்பிள்ளை. “எனக்கும் விளங்குது. ஆனா அந்த மனிசன் அப்பிடிச் சொல்ல எல்லாரும் சிரிக்க, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.”

“கோப்பையை அழிச்சுப்போட்டு வேறை மாதிரிக் கீறட்டே?”

“அப்ப கையிலை என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?”

செலீனா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, படத்தின் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கழற்றினாள். சத்தம் கேட்டு றெனால்ட் கையில் றோல்ஸுடன் ஓடிவந்தான்.

“ரீச்சர், என்ன செய்யிறியள்? நாளைக்குக் கொழும்பு ஆக்கள் வருகினம். கட்டாயம் இதைத்தான் எடுப்பினம். இப்ப கழட்டினால் வெறும் ஆணியையே காட்டுறது?”

“சொல்லித்தானே இருந்தனான் றெனால்ட், அக்கா வேண்டாம் எண்டால் கழட்டுவன் எண்டு.”

“படம் இப்ப முகநூலிலையும் வந்திட்டுது. கழட்டி என்ன பிரயோசனம்?”

அவன் சொன்னது சரிதான். செலீனா மற்றப் பக்கத்துக் கயிற்றையும் கழற்றினாள். றெனால்ட் றோல்ஸை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து, படத்தின் அடியைத் தாங்கிப் பிடித்தான்.

அன்னப்பிள்ளை படத்தைத் தன்னிடம் தரச் சொன்னாள்.

வங்காலை பஸ்ஸில் சனம் நெருக்கமாக இருந்தது. செலீனா அன்னப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். சுற்றி மறைக்கத் துணி ஒன்றும் கிடைக்கவில்லை. “அம்மா, அந்தப் பலகையைப் பின்னுக்கு வையுங்கோ, ஆக்கள் நிக்க இடமில்லை,” என்றான் கொண்டக்டர். அன்னப்பிள்ளை அசையவில்லை. படத்தின் முகம் தன் பக்கம் இருக்கும்படி மடியில் நிமிர்த்தி, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். மற்றவர்களுக்குத் தெரிந்தது அதன் முதுகு மட்டும்தான்.

பஸ் பாலத்தில் ஏறியதும் காற்று அடித்தது. அவள் படத்தைக் கொஞ்சம் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

“குழம்பு கூடிப்போச்சு ரீச்சர்,” என்றாள். “இவ்வளவு விட்டால் அவன் தின்னமாட்டான்.”