விலைக்கு வாங்கிய போன்

நடவு வயலில் குனிந்திருந்த வெற்றிச்செல்வியின் இடுப்பிலிருந்து போன் நழுவிச் சேற்றில் விழுந்தது. விழுந்ததோடு போயிருந்தால் பிழைத்திருக்கும். பின்னுக்கு நகர்ந்து வந்த கொளஞ்சியம்மாளின் குதிகால் அதை நன்றாக அழுத்தி உள்ளே அனுப்பியது.

"நண்டுன்னு நெனச்சேன் புள்ள."

"நண்டா இருந்தா கொழம்பாச்சும் வெச்சிருக்கலாம் சின்னம்மா."

சேற்றைத் துழாவி எடுத்த போன் செத்திருந்தது. தா.பழூர்ப் பக்கம் நடவு மும்முரமாக நடக்கிற நேரம். முன்பெல்லாம் நிலக்காரர் வீட்டு ஆள் தெருமுனையில் நின்று, "ஏய், வாங்கடி" என்று ஒரு குரல் கொடுப்பான். எந்த வயல், என்ன கூலி என்று எதிர்க்கேள்வி கிடையாது. வெற்றிச்செல்விதான் தெருப் பெண்களைக் கோஷ்டியாகச் சேர்த்து அதை மாற்றினாள். அவளுக்குப் போன் போட வேண்டும், கூலி பேச வேண்டும், பிறகுதான் வயலில் கால் படும்.

போன் செத்த மறுநாளே தெருமுனையில் பழைய குரல் கேட்டது. நிலக்காரி பூங்காவனத்தின் வீட்டு ஆள்.

"ஏய், நாளைக்கு மேட்டு வயலுக்கு வாங்கடி!"

பெண்கள் வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நேரே பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனாள்.

"ஆள் விட்டுக் கத்தாதீங்க. போன் போடுங்க."

"செத்த போனுக்கு எப்படிடி போடறது?" பூங்காவனம் உள்ளே போய் ஒரு போனோடு வந்தாள். "எம்மவன் பரணி புதுசு வாங்கிட்டான். இது சும்மாதான் கெடக்குது, எடுத்துக்க. காசெல்லாம் வேணாம். எங்க வயல முடிச்சுட்டு மத்தவங்களுக்குப் போங்க. கூலிய நான் பாத்துக் குடுக்கறேன்."

முதுகில் சிங்கப் படம் ஒட்டிய கறுப்புப் போன். ஒரு மூலை சில்லு பெயர்ந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து பழைய சேலை வந்திருக்கிறது, பழைய சோறு வந்திருக்கிறது. எதுவும் தனியாக வந்ததில்லை. வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலையும் வந்தது.

"வேணாங்க."

"புதுசு வாங்கற வசதி வந்துடுச்சா?"

"பழசுதாங்க வாங்கப்போறேன். வேற எடத்துல."

"திமிரப் பாரு!"

மேட்டு வயலுக்கு யாரும் போகவில்லை.

அந்த வாரமே ஜெயங்கொண்டத்தில் பழைய போன் விற்கும் கடைக்குப் போனாள். மிதித்த பாவத்துக்குக் கொளஞ்சியம்மாளும் கூடவே வந்தாள். ஒன்றுக்குப் பேட்டரி உப்பியிருந்தது. இன்னொன்றில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. கடைக்காரர் மூன்றாவதை எடுத்து வைத்தார்.

"நேத்துதான்க்கா வந்துச்சு. ஒங்க பக்கத்துத் தம்பிதான் வித்துட்டுப் போனாரு. சார்ஜ் நல்லா நிக்கும்."

சிங்கம். சில்லு பெயர்ந்த மூலை.

"ஏ புள்ள, இது அவங்க வூட்டுதுடி!" கொளஞ்சியம்மாள் காதைக் கடித்தாள். "சும்மா குடுத்தத வேணாம்னுட்டுக் காசு போட்டு வாங்குவியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்." வெற்றிச்செல்வி கடைக்காரரிடம் திரும்பினாள். "மூலை ஒடஞ்சிருக்கு, வெலயக் கொறைங்க. அந்தச் சிங்கத்தையும் சொரண்டி எடுத்துடுங்க."

அதன்பின் போன் ஓயவில்லை. மீன்சுருட்டியிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் வேறொருவர் வயலில் நட்டுக்கொண்டிருந்தபோது வரப்பில் பூங்காவனம் வந்து நின்றாள். அவளுடைய நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கேட்ட இடத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை. வெற்றிச்செல்வி இடுப்பில் செருகியிருந்த போனின் சில்லு பெயர்ந்த மூலைதான் முதலில் கண்ணில் பட்டது.

"இது எங்க பரணி போனாச்சே! எப்படி வந்துச்சு ஒங்கிட்ட?"

"ஜெயங்கொண்டத்துக் கடையில வாங்கினேங்க. வித்த காசு என்னாச்சுன்னு ஒங்க புள்ளையக் கேளுங்க."

வயலில் ஒருத்தி கொல்லென்று சிரித்தாள்.

"கேணச்சி! சும்மா குடுத்தேனேடி!"

"அதனாலதாங்க வாங்கல."

பூங்காவனம் பல்லைக் கடித்தாள். பிறகு குரல் இறங்கியது. "நாத்து முத்திப்போவுது. நாளைக்கு வந்துருங்க."

"போன் போடுங்க."

"எதுத்தாப்புலதான நிக்கிற!"

"நின்னா என்னங்க? போடுங்க."

பூங்காவனம் மடியிலிருந்து தன் போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். இதுவரை நடவுக்குப் பரணிதான் கூப்பிடுவான்; அவள் போனில் வெற்றிச்செல்வியின் நம்பர் ஏறியதே இல்லை.

"நம்பரச் சொல்லு."

சேற்றில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் வெற்றிச்செல்வி. போன் அடித்தது. அவசரப்படாமல் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள், எடுத்துக் காதில் வைத்தாள்.

"அலோ, யாருங்க பேசறது?"