காகித ரயிலின் எண்

அப்பாவின் சாவுச் சடங்கில் எரிக்க வந்த காகித ரயிலை வேனிலிருந்து ஆட்கள் பிடித்து இறக்கியபோது, சியூ-லான் முதலில் பார்த்தது அதன் நெற்றியில் இருந்த எண்ணைத்தான். 406.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் தம்பி காவ்-ஷெங். "அப்பா போட்டோவைக் குடுத்து அதே மாதிரி செய்யச் சொன்னேன். விளக்கு, நம்பர், எல்லாம் அப்படியே."

"எந்தப் போட்டோ?"

"கூடத்துல இருக்கே. வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு எஞ்சின் பக்கத்துல சிரிச்சிட்டு நிக்கிறாரே, அது."

பாவி என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவன்மேல் என்ன தப்பு? ரயில்வே கேட்டில் சிக்கி நின்ற மணல் லாரியில் அப்பா ஓட்டிவந்த அந்த 406 மோதியபோது அவன் அம்மா வயிற்றில் இருந்தான். வீட்டில் யாரும் அவனிடம் அதைப் பேசியதே இல்லை. சியூ-லானுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் எஞ்சினின் முகம் நசுங்கிக் கிடந்தது. எண்ணில் மட்டும் ஒரு கீறல் இல்லை. முதல் பெட்டியில் நாலு பேர் செத்துப்போனார்கள்.

அப்பாமேல் குற்றமில்லை என்றுதான் விசாரணையில் எழுதினார்கள். எழுதி என்ன புண்ணியம்? அவர் அப்புறம் வண்டியைத் தொடவில்லை. பணிமனையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். வழக்கு முடியும்வரை அந்த எஞ்சினையும் அங்கேதான் தார்ப்பாய் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷம், தினமும் அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே போக வேண்டும்.

அதன் பிறகு தைவானில் எங்கே ரயில் கவிழ்ந்தாலும், எத்தனை பேர் செத்தார்கள் என்று ஊர் கேட்கும். அப்பா மட்டும், டிரைவர் பிழைத்தானா என்று கேட்பார். செத்துவிட்டான் என்றால் பேசாமல் சாப்பிட உட்காருவார். பிழைத்துவிட்டான் என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இங்கே எரிப்பது அங்கே அவர் கைக்குப் போய்ச் சேரும். அந்த மனுஷனுக்குப் போயும் போயும் அந்த வண்டியா?

தம்பியைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப அந்தப் போட்டோவை ஏன் மாட்டி வெச்சிருந்தாரு?"

"அவரா மாட்டினாரு? அம்மா மாட்டினது. அவர் சிரிக்கிற போட்டோ வேற எதுவும் இல்லை. இதைத் திருப்பி அனுப்பிடுடா."

"எப்படிக்கா? பூசாரி அவர் பேரெழுதி ஒட்டி மந்திரமும் சொல்லியாச்சு. மூணேகாலுக்கு எரிக்க நேரம் குறிச்சாச்சு."

"என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்றபடி அம்மா வந்தாள். வந்தவள் எண்ணைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பூசாரி இருமுறை செருமினார்.

"எரிங்க" என்றாள்.

"அம்மா, அப்பாவுக்குப் போயி இதை..."

"அந்தக் காகித வீட்டை முதல்ல எரிங்க. இது கடைசியில."

எரிக்கும்போது குடும்பத்தார் சுற்றிலும் நின்று ஒரே கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வட்டத்தில் சந்து விட்டால் நாதியற்ற ஆவிகள் புகுந்து, செத்தவருக்குப் போவதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மூவரும் பெரியப்பா பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். காகித வீடு எரிந்தது. "அப்பா, வீடு வருது, வாங்கிக்கோங்க" என்று காவ்-ஷெங் குரல் உடைந்து கூப்பிட்டான். துணிமணிகள் எரிந்தன.

ரயிலுக்குத் தீ வைத்தார்கள். அம்மா கயிற்றை விட்டாள்.

"அம்மா, கயிறும்மா. வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"எடுத்துக்கட்டும்" என்றாள் அம்மா. "அதுல செத்த அந்த நாலு பேரும் இன்னும் ஊர் போய்ச் சேரலை."

சியூ-லானும் விட்டாள். ஒவ்வொருவராக விட்டார்கள். காவ்-ஷெங் மட்டும் இறுகப் பிடித்தபடி நின்றான். தீ எஞ்சினைத் தாண்டி முதல் பெட்டியைத் தொட்டபோது, அவனும் குனிந்து கயிற்றைத் தரையில் வைத்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.