கீழே வெட்டிய வரி

சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பெயிண்டர் மூன்றாம் மாடிக் கைப்பிடிக் கம்பிக்கு மஞ்சள் அடித்து முடித்துவிட்டு, தின்னரில் கையைத் துடைத்து, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தான். அந்த வெளிநாட்டு ஊருக்கு வேலைக்கு வந்த தமிழ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்திகள் சேர்ந்து கிடந்தன. அதில் ஒரு படத்தைப் பார்த்ததும் வாயில் போட்ட சோறு மெல்லாமல் நின்றது.

படத்தில் இருந்தது அவன் எழுத்து. போன விடுமுறையன்று தொழிலாளர் சங்கத்துக்காகச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த நோட்டீஸ்.

சங்கச் செயலாளர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறது. அரசாங்க ஆபீஸிலிருந்து பேசுகிறோம், கைரேகை புதுப்பிக்க வேண்டும், வேன் அனுப்புகிறோம் என்று சுத்தத் தமிழில் போன் பண்ணுவார்கள். ஏறி உட்கார்ந்தால் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். மூன்று தொழிலாளர் கேம்ப்பில் நடந்துவிட்டது. பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன் என்று மல்லுக்கு நின்ற ஒரு பிளம்பரின் முன்பல் இரண்டையும் உடைத்து நெடுஞ்சாலை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். "அவசர அறிவிப்புன்னு மேல பெருசாப் போடு. எழுத்து தூரத்துலேர்ந்து தெரியணும்," என்றார் செயலாளர்.

தெரியணும் என்று சொன்னதால் அவன் எழுத்தைப் பெரிசாக்கினான். பெரிசாக்கினதால் வரிக்கு இடம் பற்றவில்லை. இடம் பற்றாத இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனான். காகிதத்தில் எழுதுகிற எவனும் செய்கிற காரியம்தான். இப்போது போனில் தெரிந்த படம் இப்படி இருந்தது:

அவசர அறிவிப்பு
கைரேகை புதுப்பிக்க என்று
தமிழில் பேசி வேன் அனுப்பினால்
பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு
உடனே அதில் ஏறிச் செல்லவேண்

அதோடு படம் முடிந்துவிட்டது. அடுத்த வரியில் அவன் எழுதிய 'டாம்' இல்லை. அதற்கும் கீழே 'முதலில் சங்கத்தைக் கேளுங்கள்' என்று எழுதி, போட்டிருந்த போன் நம்பரும் இல்லை. செல்லவேண் என்று நின்றால் படிக்கிறவன் என்ன செய்வான்? செல்லவேண்டும் என்று அவனே முடித்துக்கொள்வான்.

படத்தைப் போட்டவர் இன்னொரு கேம்ப்பின் மெஸ்காரர், எதையும் கடைசி வரிவரை படிக்கிற பொறுமை இல்லாதவர். அடியில் எழுதியிருந்தார்: "எழுத்து பெருசா தெரியணும்னு கீழ கொஞ்சம் வெட்டிட்டேன். நம்ம பெயிண்டர் எழுதினதுதான். தைரியமா போங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். நன்றி அண்ணே, நன்றி அண்ணே. கடைசியாக ஒரு செய்தி, பன்னிரண்டு நிமிடத்துக்கு முன்னால் வந்தது:

"எங்க கேட்டுக்கு வேன் வந்துருச்சு. கிளம்பிட்டேன்."

எழுதியவர் அவன் மச்சான். அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன்.



மச்சான் வெல்டர். இதே சைட்டில் இரவு ஷிப்ட். தங்கியிருப்பது ஊரின் அந்தப் பக்கத்து கேம்ப்பில். பெயிண்டருக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். யாரையும் லேசில் நம்பாத மனுஷன். பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் தைத்து வைத்துக்கொண்டு படுப்பவர். அவரே தையலைப் பிரித்து எடுத்துக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். எழுதியது மாப்பிள்ளை.

போனைப் போட்டான். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான்.

"சொல்லு மாப்ள."

பின்னால் வண்டி ஓடும் இரைச்சல் கேட்டது. அதற்குள் ஒரு இளசான குரல் பக்கத்திலிருந்து குறுக்கிட்டது. "யாருண்ணே போன்ல?"

"தம்பி, என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்கண்ணே. வண்டியில சரியாக் கேக்காது."

டக்கென்று இரைச்சல் பெரிதாயிற்று. ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

'இறங்குங்க மச்சான்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெயிண்டர் அதை விழுங்கினான். பக்கத்தில் இருப்பவனுக்கும் தமிழ் தெரியும். சொன்ன நொடியே கதவைப் பூட்டுவான். பிளம்பரின் பல் ஞாபகத்துக்கு வந்தது. மச்சான் பிளம்பரைவிட முரடு. பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு உயிரைப் பார்க்கிற ஜாதி இல்லை.

"என்ன மாப்ள, கூப்பிட்டுட்டு ஊமையாயிட்ட?"

எதிரில் கொஞ்சம் கீழே இரண்டாம் மாடி இரும்புப் படிக்கட்டு தெரிந்தது. நேற்று ராத்திரி மச்சான் அடித்தது. எறும்பு வரிசை போல ஒழுங்காக ஓடியிருந்தது வெல்டிங். அதில் ஒரு குறை சொல்ல எவனாலும் முடியாது. சொன்னால் மச்சான் தாங்கவும் மாட்டார். ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் யாரோ ஜன்னல் கிரில் லேசாகக் கோணல் என்று சொன்னதற்காகப் பாதி இலையில் எழுந்து, மட்டப்பலகை எடுத்துவரப் போனவர் அவர்.

"மச்சான், நீங்க நேத்து அடிச்ச படிக்கட்டு பிட்டுக்கிச்சு."

"என்னது?"

"ஜாயின்ட் விட்டுருச்சு. பிளேட்டோட கழண்டு தொங்குது. பகல் ஷிப்ட் போர்மேன் சாமியாடுறாரு."

 மச்சானின் குரல் ஏறியது. "நான் அடிச்ச ஜாயின்ட்டா? யானையக் கட்டித் தொங்கவிட்டாலும் அசையாது. எவன் சொன்னான்?"

"ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டினாராம். கைலயே வந்துருச்சாம்."

"அவன் மண்டையத் தட்டிப் பாக்கச் சொல்லு. அதுதான் கைல வரும்."

"அண்ணே," என்றது அந்த இளசுக் குரல், தேன் மாதிரி, "வேலை எங்கண்ணே ஓடிடப் போகுது. இன்னும் பத்து நிமிஷம். பதிவ முடிச்சிட்டுப் போயிடலாம்."

"ஆமா, அதுவும் சரிதான். மாப்ள, முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லு."

 பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கம்பி கட்டுகிறவர் பெயிண்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று புருவத்தால் கேட்டார். பெயிண்டர் போனைக் கையால் மூடி, ரெண்டே வார்த்தை சொன்னான். "வேன்காரனுங்க. மச்சான்." அவரும் நோட்டீஸ் படித்தவர்தான், முழுசாகப் படித்தவர். சோற்றுக் கையோடு எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். அந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு போர்மேன் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது.

"எங்கய்யா அந்த வெல்டர்? போன்லயா இருக்கான்? சொல்லு அவன்கிட்ட! அரை மணி நேரத்துல இங்க நிக்கலேன்னா கிரைண்டரப் போட்டு அவன் அடிச்ச அத்தனையும் அறுத்துத் தள்ளிட்டு, புதுசா வந்த பசங்கள வச்சு அடிக்கிறேன். வெல்டிங்காம் வெல்டிங். பபுள்கம் ஒட்டின மாதிரி இருக்கு!"



"வண்டிய நிறுத்து," என்றார் மச்சான்.

"அண்ணே, கொஞ்சம்..."

"பபுள்கம்மாடா? என் வேலைய பபுள்கம்ங்கிறான். நிறுத்துய்யா வண்டிய!"

வேறொரு குரல், முன்சீட்டிலிருந்து, தாழ்வாக ஏதோ சொன்னது. இளசுக் குரல் திரும்ப வந்தது. தேன் குறைந்திருந்தது. "சரிண்ணே, இறங்குங்க. பாஸ்போர்ட் மட்டும் எங்ககிட்டயே இருக்கட்டும். நாங்களே பதிவு பண்ணி சாயங்காலம் கேம்ப்ல கொண்டாந்து தர்றோம்."

"அதுவும் நல்லதுதான். அலைச்சல் மிச்சம்."

"மச்சான்!" பெயிண்டர் கத்திவிட்டான். பிறகு குரலை இழுத்துப் பிடித்தான். "பாஸ்போர்ட்டோட வாங்க. பகல்ல உங்களுக்குப் பாஸ் கிடையாது. ஒரிஜினலக் காட்டலேன்னா வாட்ச்மேன் உள்ளயே விடமாட்டான். நீங்க கேட்ல நிக்கும்போதே இவரு அறுத்துப் போட்டுடுவாரு."

"குடு தம்பி அத."

"அண்ணே, பைல்ல வச்சுட்டேன்."

"குடுங்கிறேன்ல? மசமசன்னு நிக்கிற?"

கதவு இழுபடும் ஓசை. எதுவோ கிழியும் ஓசை. மச்சான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பாதியில் போன் செத்துப்போயிற்று.

பெயிண்டர் திரும்பத் திரும்பப் போட்டான். அடிக்கவே இல்லை. கம்பி கட்டுகிறவர் கீழே ஓடிப் பிக்கப் வண்டி ஓட்டுநரைச் சோற்றிலிருந்து எழுப்பியிருந்தார். மூன்று மாடி இறங்குவதற்குள் பெயிண்டர் இரண்டு இடத்தில் சறுக்கினான். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எங்கே போவது என்று தெரியாது என்பது உறைத்தது. ஓட்டுநர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் போனைப் பார்த்தான். ஊரில் இருக்கும் பெண்டாட்டியிடம் எப்படி ஆரம்பிப்பது, உன் அண்ணனை என் எழுத்துதான் ஏற்றி அனுப்பியது என்று எந்த வாயால் சொல்வது என்று மனசு அதற்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஏழு நிமிடம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"மாப்ள, பெரிய டயர் கடை இருக்குல்ல, மேம்பாலத்துக்குக் கீழ. அங்க நிக்கிறேன். கடைக்காரன் போன் இது. என் போன் ஒடஞ்சு போச்சு."

மச்சான் டயர் அடுக்குக்கு முன்னால் வெயிலில் நின்றிருந்தார். சட்டைப் பை கிழிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. ஒரு காலில்தான் செருப்பு. பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகி, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பிக்கப் நிற்பதற்குள் கத்தினார்.

"எந்த ஜாயின்ட்?"

"ஒண்ணும் ஆகல மச்சான். படிக்கட்டு அப்படியேதான் இருக்கு."

"அப்போ எதுக்குடா அந்த ஆளு..."

"அது போர்மேனே இல்ல. அந்த வேன்காரனுங்க திருட்டுப் பசங்க. உங்கள இறக்கணும்னு அப்படிச் சொன்னேன்."

 மச்சான் கிழிந்த பையைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார், "அப்போ ஜாயின்ட் நல்லாத்தான் இருக்கு?"

"யானையக் கட்டலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "நீதானே போகச்சொல்லி எழுதியிருந்த?"

பெயிண்டர் போனில் இருந்த படத்தைக் காட்டினான். விரலால் அடியில் வெறும் இடத்தைத் தொட்டு, "இங்க 'டாம்'னு எழுதியிருந்தேன்," என்றான். மச்சான் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். 

"உள்ள இன்னொருத்தன் இருந்தான் மாப்ள."

"யாரு?"

"எங்க கேம்ப் பூச்சு வேலைக்காரன். கட்டில் எனக்கு அடுத்த கட்டில். நான் இறங்கும்போது அவனும் எந்திரிச்சான். 'நானும் வர்றேண்ணே'ன்னான்." மச்சான் தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் தோளப் புடிச்சு உக்காரவச்சேன். 'லீவு போட்டு வந்திருக்க, உன் வேலைய நீ முடிச்சிட்டு வா'ன்னு."

 டயர்க் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் விட்டுவிட்டு உறுமியது.

பூச்சு வேலைக்காரரின் நம்பர் குழுவிலேயே இருந்தது. பெயிண்டர் போட்டான். எடுக்கவில்லை. குழுவில் எதையும் எழுத அவனுக்குக் கை வரவில்லை. போனை வாயருகே வைத்துப் பேசிப் பதிவு பண்ணி அனுப்பினான். "நான் பெயிண்டர் பேசுறேன். அந்தப் படம் அரைகுறை. வேன்ல யாரும் ஏறாதீங்க. ஏறாதீங்க. யாராச்சும் ஏறியிருந்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க." மெஸ்காரர் உடனே படத்தை அழித்தார். செயலாளர் கூப்பிட்டார்; பெயிண்டர் ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தணித்தார். "போலீசுக்குப் போனா நோட்டீஸ் சங்கம் ஒட்டினதுன்னு சொல்லிக்காதீங்க. சங்கத்துக்கு இங்க பதிவு கிடையாது. எழுதினது யாருன்னு தோண்டுவாங்க. உன் விசாவுக்கே வம்பு."

"அவரு சொல்றதும் நியாயம்தான்," என்றார் மச்சான், போன் வைத்த பிறகு. "நான் மட்டும் போறேன். வேன்ல ஏறினவன் நான். நீ வேலைக்குப் போ."

 பெயிண்டர் மறுபடி பூச்சு வேலைக்காரரின் நம்பரைப் போட்டான். பதினோராவது தடவை எடுத்தார்.

"ஹலோ, யாரு?"

மச்சான் போனைப் பிடுங்கினார். "டேய், எங்கடா இருக்க? உடம்புல அடி கிடி ஏதும்..."

"எனக்கு என்னண்ணே? நல்லா இருக்கேன். போன சைலண்ட்ல போடச் சொன்னாங்க, அதான் எடுக்கல. கேம்ப் கேட்லயே கொண்டாந்து விட்டுட்டாங்க. தங்கமான ஆளுங்க. ரேகையெல்லாம் எடுத்தாச்சு. ஏதோ நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் பாஸ்போர்ட்டக் கொண்டாந்து தந்துடுவாங்களாம்." அவர் குரலில் வேலை முடிந்த நிம்மதி. "நீங்கதான் அவசரப்பட்டு இறங்கிட்டீங்க. உங்களுக்கு இனிமே ஆபீசுக்கு அலைச்சல்தான். படிக்கட்டு என்னண்ணே ஆச்சு?"

  மச்சான் போனை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நான் பெயிண்டர் பேசுறேன்," என்றான் அவன். "நோட்டீஸ் எழுதினவன்."

"ஓ, நீங்களா! அழகான எழுத்துண்ணே உங்களுது. கண்ணாடி இல்லாமலே படிச்சேன்."

பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டான். "கேட்லயே இருங்க. ரூமுக்குப் போயிடாதீங்க. பத்து நிமிஷத்துல பிக்கப்ல வர்றோம். நாம ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்கண்ணே?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. அவனுங்க ஆபீஸ் ஆளுங்க இல்ல. உங்க பாஸ்போர்ட் சாயங்காலம் வராது. உங்களப் போகச் சொன்னது என் எழுத்து. அத நானே அங்க வந்து சொல்றேன்."

"கேட்லயே நிக்கிறேன்," என்றார் பூச்சு வேலைக்காரர். பிக்கப் ஓட்டுநர் சாவியைத் திருகினார். மச்சான் ஒற்றைச் செருப்பையும் கழற்றி ஓரமாக எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி, மாப்பிள்ளைக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.