அரையிறுதித் தாடி

“தேதியைச் சொன்னது நீங்கள்...”

“அது போன வருசம், அப்ப நான் வெறும்...”

“பங்குனி கடைசியில சும்மாதான் இருப்பன் எண்டு உங்கட வாயாலதான் சொன்னனீங்கள். நான் அதை நம்பித்தான் மண்டபத்தைப் பிடிச்சனான்.”

“ரிஷானி, என்னையும் கொஞ்சம் கதைக்க விடும். வருசா வருசம் கால் இறுதியோட வீட்டை வாற ஆக்கள் நாங்கள். இந்த முறையும் தோப்பம் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்.”

“தோற்கிறதைக்கூட உங்களுக்கு ஒழுங்காச் செய்யத் தெரியேல்லை.”

கோபிசனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சண்டை நீளும் என்று அடக்கிக்கொண்டான். சுவிஸின் கூர் நகரில் அவர்களுடைய சமையலறை முழுக்கப் பலகாரப் பெட்டிகள். நாளை மதியம், பெரியபிள்ளையான மகள் யாதவிக்குச் சாமத்திய வீடு. நாளை ஒரு மணிக்கு அவனுடைய ஐஸ் ஹொக்கி அணியின் பேருந்து மேற்கே புறப்படுகிறது. ஏழு ஆட்டங்கள் கொண்ட அரையிறுதியில் இரண்டு அணிகளும் மும்மூன்று வென்று சமமாக நின்றன. நாளை இரவு, எதிரணியின் ஊரில், கடைசி ஆட்டம். வென்றால் இறுதிப் போட்டி.

பன்னிரண்டு மணிக்குச் சடங்கைத் தொடங்கினால் ஆலாத்தி முடிய ஓடிவிடலாம் என்று அவன் கணக்குச் சொன்னான். மேக்கப் செய்கிறவளே பதினொன்றரைக்குத்தான் வருவாள், சனம் இரண்டு மணிக்கு முன் வந்ததாகச் சரித்திரம் உண்டா என்று அவள் கேட்டாள். பிறகு காரில் தனியே போங்கள் என்றாள். பேருந்தில் வராத பயிற்சியாளனை ஆட்டக்காரர்கள் மதிக்கமாட்டார்கள் என்றான் அவன்.

அந்த மதிப்புக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தான். முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டு, படித்துப் பயிற்சியாளன் ஆனவன். சின்னப் பிள்ளைகளின் அணியில் தொடங்கி, பெரிய அணிக்கு உதவிப் பயிற்சியாளனாக வந்தான். அங்கேயே நின்றுவிட்டான். தலைமைக்கு ஒரு செக் நாட்டுக்காரர் வந்தார், போனார்; ஒரு சுவீடன்காரர் வந்தார், போனார். ஒவ்வொருவரையும் வேலையிலிருந்து கலைக்கும்போது கழகம் அவனைத் தற்காலிகமாக அந்த இடத்தில் நிறுத்தும். புதியவர் வந்ததும், பயிற்சி முடியச் சிதறிக் கிடக்கும் ரப்பர் வட்டுகளை வாளியில் பொறுக்கிப் போடும் வேலைக்கு அவன் திரும்புவான்.

கடந்த மார்கழியில் கனடாக்காரரைக் கலைத்தபோதும் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அணி வெல்லத் தொடங்கிவிட்டது. இறுதிக்குப் போனால் அந்தச் சொல்லை எடுப்பதைப் பற்றிக் கதைப்போம் என்று கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் ரேட்டோ மாசியில் தோளில் தட்டியிருந்தார்.

“வாறதெண்டாலும் அந்தத் தாடியோடயோ மேடையில நிக்கப்போறீங்கள்?” என்றாள் ரிஷானி.

இறுதிச் சுற்றுகள் தொடங்கினால் ஹொக்கிக்காரர் முகம் வழிப்பதில்லை. தோற்று வெளியேறும்வரை, அல்லது கிண்ணத்தை எடுக்கும்வரை, தாடி வளரும். ஒருவன் வழித்தால் அணியைக் கைவிட்டான் என்று அர்த்தம். சடங்குக்காகச் சூரிச் விமான நிலையத்தில் வந்திறங்கிய ரிஷானியின் அண்ணன் இரவீந்திரன் கோபிசனைக் கண்டதும் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, ஆர் மோசம் போனது என்று விசாரித்திருந்தார். தனக்குச் சொல்லாமல் செத்த வீடு நடத்திவிட்டார்களோ என்று மனிதருக்கு ஒரே கவலை.

“நாளைக்கு மண்டபம் முழுக்க அண்ணையை மாதிரித்தான் துக்கம் விசாரிக்கும். பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற நேரத்தில.”

மருதாணி காய்வதற்காகக் கைகளை விரித்துக்கொண்டு சோபாவில் இருந்த யாதவி, தொலைக்காட்சியை விட்டுத் திரும்பாமல் சொன்னாள்.

“ரெண்டு பேரும் எனக்காகவோ சண்டை பிடிக்கிறீங்கள்? என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

அப்போதுதான் ரேட்டோவின் அழைப்பு வந்தது. கோபிசன் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். கண்ணாடிக்கு வெளியே அவன் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. கடைசியில் நன்றி சொன்னான். அது உள்ளேயும் கேட்டது.

வந்து ஒரு பலகாரப் பெட்டியைத் திறந்தான். திரும்ப மூடினான்.

“அடுத்த வருசம் தலைமைக்குப் பின்லாந்தில இருந்து ஒருத்தனாம். தை மாசமே கையெழுத்து வைச்சிட்டினம். பேப்பர்காரருக்குத் தெரிஞ்சுபோச்சாம், அதுதான் முதலில எனக்குச் சொல்லவேணும் எண்டு எடுத்தவர்.”

“அப்ப நாளைக்கு நீங்கள் வெண்டால்?”

“சந்தோசப்படுவினமாம்.”

“உங்களை என்ன செய்யினமாம்?”

“பழைய இடத்தில இருக்கட்டாம். நான் அவையளுக்கு வலு முக்கியமாம்.”

ரிஷானி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். தையில் கையெழுத்து வைத்துவிட்டு, மாசியில் தோளில் தட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து வெல்லப் பார்த்த சண்டை அவள் பக்கம் விழுந்துவிட்டது. அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கோபிசன் குளியலறைக்குள் போனான். சவர மெஷினின் இரைச்சல் கேட்டது. அது ஒரே மாதிரி இரைந்துகொண்டிருந்தது; மயிரில் படும் சத்தம் வரவில்லை. அவள் வாசலில் போய் நின்று பார்த்தாள். மெஷினைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்தபடி, மறுகையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அணித் தலைவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். உடை மாற்றும் அறையில் வரிசையாகத் தாடிக்காரர்கள். தாடி முளைக்காத இளம் கோல் காப்பாளன் மட்டும் மார்க்கர் பேனையால் வரைந்து வைத்திருந்தான். கீழே, நாளைக்கு ஒரு மணிக்குச் சந்திப்போம் பொஸ், என்று எழுதியிருந்தது.

அவன் மெஷினை நிறுத்தினான். திரும்பவும் போட்டான்.

“வழியுங்கோ, இல்லாட்டி விடுங்கோ, நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்,” என்றாள் ரிஷானி. “ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. இனி ஆருக்காக அந்தத் தாடி?”